டிக்கிக்குப் போன வயர்

"வயர் ஒண்ணும் வெளிய தெரியக் கூடாது, ட்ரெஸ்ஸா. நேர்த்தியா இருக்கணும்" என்றபடி கார்லண்ட் கக்கத்திலிருந்த பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

ட்ரெஸ்ஸா பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். ராடார் டிடெக்டர். சாலையோரம் மறைந்து நின்று போலீஸ்காரர் வேகத்தை அளக்கும்போது, அந்த அலையைத் தூரத்திலேயே மோப்பம் பிடித்துக் கீச்சென்று கத்தி ஓட்டுகிறவரை எச்சரிக்கிற சாமான். காற்றாய்ப் பறக்கிறவர்கள் வாங்குவது.

"இது யாருக்கு?"

"என் காருக்குத்தான்."

"உங்க காருக்கா? போன வாரம் உங்களை ஒரு டிராக்டர் முந்திக்கிட்டுப் போனதை இந்தக் கண்ணால பார்த்தேன்."

கல்லாவில் உட்கார்ந்திருந்த லோர்னா தலையைத் தூக்கினாள். ட்ரெஸ்ஸாவின் சித்தி மகள். கடைக் கணக்கும் ஊர்க் கணக்கும் அவள் பொறுப்பு. "போறப்ப அந்த டிராக்டர்காரன் கையைக் காட்டி மன்னிப்பு வேற கேட்டான்" என்றாள்.

கார்லண்டின் காது மடல் சிவந்தது. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த வேலை கொடுத்த முதுகுவலியோடு, எதையும் நிதானமாகத்தான் செய்வார்; உட்காருவதும் நிதானம், சிரிப்பதும் நிதானம். மனைவி நெல்டா இறந்து சில வருஷங்கள் ஆகின்றன. போன புதன்கிழமை, சர்ச் கூடத்து விருந்தில், பீன்ஸ் சூப்பில் சோள ரொட்டியைத் தோய்த்துக்கொண்டே, "என்னைக் கட்டிக்கிறியா?" என்று ட்ரெஸ்ஸாவிடம் கேட்டதும் அதே நிதானத்தில்தான். "ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் சொல்றேன்" என்று அவள் சொல்லியிருந்தாள். இன்றைக்கு வெள்ளி.

"இதுக்கு முன்னாடி இந்த மாதிரி எதுவும் வெச்சிருந்தீங்களா?"

"நானா? ஜென்மத்துல இல்ல."

"உங்க வீடு அந்தப் பக்கம். ஞாபகம் இருக்கில்ல?"

பிரிஸ்டல் ஊரில் ஸ்டேட் தெருவின் நடுக்கோடுதான் மாநில எல்லை. ட்ரெஸ்ஸாவின் கார் எலெக்ட்ரிக் கடை இருக்கிற இந்தப் பக்கம் டென்னசி, எதிர்ச்சாரி வர்ஜீனியா. இந்தப் பக்கம் டிடெக்டரை மாட்டிக்கொண்டு ஊர்வலமே போகலாம். அந்தப் பக்கம் அது காரில் இருந்தாலே குற்றம். மின்சாரம் இல்லாமல், ஓட்டுகிறவர் கைக்கு எட்டாமல் இருந்தால் மட்டும் விட்டுவிடுவார்கள். அதனால் பிரிஸ்டல்காரர்கள் கோட்டைத் தாண்டும் முன் வண்டியை ஓரம்கட்டி, டிடெக்டரைப் பிடுங்கி டிக்கியில் போட்டுவிட்டுத்தான் மேலே போவார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போகிற மாதிரி, யோசிக்காமல் செய்கிற காரியம்.

"சிகரெட் லைட்டர்ல சொருகற வயர்னா பிடுங்கிப் போட்டுடலாம்" என்றாள் ட்ரெஸ்ஸா. "உள்ளோட உள்ளா நிரந்தரமா இணைச்சுட்டா, அந்தப் பக்கம் போனதும் வாயைத் திறந்துட்டு நிக்கணும்."

"அதை நான் பார்த்துக்கறேன். நீ மாட்டு."

அவ்வளவுதான். சாவியை வைத்துவிட்டு, மத்தியானம் வருவதாகச் சொல்லி, முதுகைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

"ஆமை குதிரை லாடம் வாங்கிட்டுப் போகுது" என்றாள் லோர்னா. "எதுக்குன்னு கேட்டியா அக்கா?"

"நீயும்தானே இருந்தே. சொன்னாரா?"

ட்ரெஸ்ஸாவுக்கு மூக்கில் வேர்த்தது. ஆனால் வேலை வேலைதான். கார்லண்டின் பழைய பியூக் காரைக் கடைக்குள் ஏற்றினாள். முன்கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவே உள்ள தூணின் மூடியைத்தான் முதலில் கழற்ற வேண்டும். அதற்குப் பின்னால் காற்றுப்பை மடிந்து கிடக்கும். அவசரக்காரர்கள் வயரை அதற்கு முன்னால் விட்டுவிடுவார்கள். விபத்தில் பை வெடித்து விரியும்போது வயர் சாட்டையாக முகத்தில் விழும். பையின் முதுகுப்புறமாகத்தான் வயர் போக வேண்டும். பிளாஸ்டிக் நெம்பியைச் செருகி மூடியை மெல்ல நெம்பினாள். 'டொக்' என்று விட்டுக்கொடுத்தது.

அவள் கை அப்படியே நின்றது.

"லோர்னா. இங்க வாடி."

"நான் பில் போட்டுட்டு..."

"பில்லு எங்கயும் ஓடாது. வா."

காற்றுப்பையின் முதுகுப்புறம், எங்கே போக வேண்டுமோ சரியாக அங்கே, ஏற்கெனவே ஒரு வயர் போய்க்கொண்டிருந்தது. கறுப்புத் துணி டேப் சுற்றி, ஆடாமல் அசையாமல், சுவரோடு ஒட்டிய பல்லி போல.

"தொழிற்சாலையில போட்டதா இருக்கும்" என்றாள் லோர்னா.

"தொழிற்சாலைக்காரன் இவ்வளவு அழகா போடமாட்டான்."

ட்ரெஸ்ஸா வயரின் முன்நுனியைத் தேடினாள். கூரைத் துணியின் ஓரத்தில் விரலை விட்டுத் தடவிக்கொண்டே போனதில், சூரியத் தடுப்புப் பலகைக்குப் பின்னால் சுருட்டிச் செருகியிருந்த வால் வெளியே வந்தது. நுனியில் சின்னப் பிளக். அவள் பெட்டியிலிருந்த டிடெக்டரை எடுத்து அதில் பொருத்திப் பார்த்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது.

இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஜென்மத்துல இல்லன்னாரே" என்றாள் லோர்னா.

ட்ரெஸ்ஸாவுக்கு வேறொரு கார் ஞாபகம் வந்தது. அவளுடைய முதல் கணவன் ராய்ஸ், குடியை விட்டுவிட்டேன் என்று சபை நடுவே நின்று அழுதவன். ஒருநாள் அவன் காரில் எங்கோ 'கடகட'வென்று சத்தம் வருகிறதே என்று அவளே முன்பலகையைக் கழற்றினாள். காற்றுக் குழாய்க்குள் விஸ்கி பாட்டில் ஒன்று சிரித்துக்கொண்டு படுத்திருந்தது. அதற்குப் பிறகு அந்தக் கல்யாணத்தில் கழற்ற வேறொன்றும் மிச்சமில்லை. காருக்குள் எதையாவது ஒளித்து வைத்திருக்கிற ஆணை அவள் இனி நம்பத் தயாராக இல்லை.

"அக்கா, ஃப்யூஸ் பெட்டிக்குத்தானே போகுது?"

அங்கேதான் விஷயமே. ஃப்யூஸ் பெட்டி ஸ்டியரிங்குக்குக் கீழே, ஒரு முழ தூரத்தில் இருக்கிறது. எந்த மடையனும் வயரை நேரே அங்கே இறக்குவான். இந்த வயரோ மேலே ஏறி, கூரையோரமாகப் பின்னால் போனது. ட்ரெஸ்ஸா அதைத் தொடர்ந்தாள். பின்கதவு ரப்பருக்குள் நுழைந்து, பின்சீட்டுக்குப் பின்னால் இறங்கியது. எங்கும் ஒரு தொய்வு இல்லை.

"இது எங்க போய்த் தொலையுது?"

"டிக்கிக்கு" என்றாள் ட்ரெஸ்ஸா, தனக்குத்தானே சொல்வதைப் போல.

டிக்கியைத் திறந்து, விரிப்பை நீக்கி, ஸ்டெப்னியைத் தூக்கினார்கள். அதனடியில் ஓர் இணைப்பு. இரண்டு பாதியும் பிரிந்து பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன, சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி மாதிரி. சேர்த்துச் செருகிச் சாவியைப் போட்டதும் முன்னால் டிடெக்டர் விழித்துக்கொண்டது. பிரித்ததும் செத்தது.

"ஒவ்வொரு தடவையும் இறங்கி வந்து, டிக்கியத் திறந்து, டயரைத் தூக்கி... இதுக்கு மெதுவாவே ஓட்டித் தொலையலாமே!" என்றாள் லோர்னா. "அக்கா, எனக்கு ஒண்ணு தோணுது. கோவிச்சுக்காத."

"சொல்லாத."

"ராய்ஸ் நம்பர் ரெண்டு."

"சொல்லாதன்னேன்ல!"

நடுவில் ஓரிடத்தில் டேப் கொஞ்சம் கிளம்பியிருந்தது. ட்ரெஸ்ஸா அதை நகத்தால் தொட்டாள். டேப்பின் முடிவு உள்பக்கமாக மடித்து, சின்ன நாக்கு போல விடப்பட்டிருந்தது. அடுத்து பிரிக்க வருகிறவருக்குப் பிடி கிடைக்க வேண்டுமே என்று. அது யாருடைய வேலை என்று அவளுக்குத் தெரியும். டேப்பில் ஒரு துண்டைக் கிழித்துக்கொண்டு நேராகத் தெருவைக் கடந்தாள்.

எதிர்ச்சாரியில், வர்ஜீனியாவில், ஹோபர்ட்டின் கடை. இருபக்கமும் ஒரே தொழில். எதிரெதிர் கண்ணாடி வழியாக ஒருவரையொருவர் வேவு பார்ப்பதுதான் இருவருக்கும் பொழுதுபோக்கு. ஹோபர்ட் சாண்ட்விச் கடித்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, டென்னசில கரண்ட் போயிடுச்சா?"

"யோவ் ஹோபர்ட், இது உன் டேப்தானே?"

"உலகத்துல கறுப்பு டேப் நான் ஒருத்தன்தான் விக்கிறேனா?"

"ஓரத்துல நாக்கு மடிச்சிருக்கு பாரு. பின்னாடி வர்றவனுக்கு நகம் உடையக் கூடாதுன்னு கவலைப்படற கிறுக்கன் இந்தத் தொழில்ல நீ மட்டும்தான்."

"கிறுக்குன்னு சொல்லாத. நாகரிகம்னு சொல்லு." டேப்பை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். மீசைக்குள் பெருமை தெரிந்தது. "எங்க கிடைச்சுது?"

"ஒரு பழைய பியூக்ல. தடுப்புப் பலகையிலேர்ந்து டிக்கி வரைக்கும். டிடெக்டர் பக்கமே தலைவெச்சுப் படுக்கமாட்டேன்னு சர்ச்ல மார்தட்டுவியே, அந்த ஹோபர்ட் செஞ்ச வேலை."

"டிடெக்டரை யாரு தொட்டா? வயரைத்தான் தொட்டேன். வயர் வெச்சிருக்கறது எந்த மாநிலத்துலயும் குத்தம் இல்ல."

"சரி சாமி. யாருக்குச் செஞ்சே?"

"சொல்லமாட்டேன். சத்தியம் வாங்கியிருக்காங்க."

"அப்ப ஏன்யா டிக்கிக்குப் போச்சு? அதையாவது சொல்லு. எனக்கு மண்டை வெடிக்குது."

இந்தக் கேள்விக்கு மட்டும் ஹோபர்ட்டால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. தன் வேலையைப் பற்றி யார் கேட்டாலும் அவருக்கு வயிறு நிறைந்துவிடும். சாண்ட்விச்சை ஓரமாக வைத்தார்.

"யோசிச்சுப் பாரு. கோட்டைத் தாண்டறதுக்கு முன்னாடி எப்படியும் இறங்கி, பெட்டியை டிக்கில வெச்சாகணும். அங்கயே இணைப்பையும் பிடுங்கிட்டா? முன்னாடி மொத்தமும் செத்த வயரு. எங்க சொருகறதுன்னு தேடினாலும் ஒண்ணும் அகப்படாது. ஃப்யூஸ் பெட்டியத் திறந்தாலும் சுத்தம். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கணும்னா இப்படித்தான் மறைக்கணும்."

"போலீஸ்கிட்டேர்ந்தா?"

"போலீஸ் என்ன பெரிய போலீஸ். வீட்ல இருக்கறவர் கண்ணுல படக் கூடாதே! முதுகுவலிக்காரர் ஸ்டெப்னியத் தூக்கியா பார்க்கப் போறார்?"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. சாண்ட்விச்சை எடுத்து வாய் நிறைய அடைத்துக்கொண்டார்.

"நெல்டா" என்றாள் ட்ரெஸ்ஸா.

"நான் ஒண்ணும் சொல்லல."

"பாட்டு வகுப்பு நடத்திட்டு, வாரா வாரம் நாக்ஸ்வில்ல தங்கச்சி வீட்டுக்குப் போவாளே, அந்த நெல்டாவா!"

"சபையில மெதுவாப் பாடுவா. ரோட்ல அப்படியில்ல" என்றார் ஹோபர்ட், வாய் நிறைய ரொட்டியோடு. "அந்த மனுஷனுக்கு ஒண்ணும் தெரியாது. நீயும் ஊதிக் கெடுக்காத."

தெருவைத் திரும்பக் கடக்கும்போது ட்ரெஸ்ஸாவுக்குக் கால் லேசாகியிருந்தது. நடுக்கோட்டுக்கு வந்தபோது மறுபடியும் கனத்தது. சரி, பழைய வயர் அவருடையது இல்லை. அப்படியானால் புதியது எதற்கு? டிராக்டருக்கு வழிவிடுகிற மனிதருக்கு டிடெக்டர் எதற்கு? 'நான் பார்த்துக்கறேன்' என்றால் என்ன பார்த்துக்கொள்வார்? ஒன்றை முடிச்சவிழ்த்தால் உள்ளே இன்னொன்று.

"அவர் வரட்டும்" என்றாள் லோர்னாவிடம். "அந்த வயர் வாலைக் காட்டி, இது யாரோடதுன்னு கேட்கப் போறேன். உண்மையைச் சொன்னா ஒரு பதில். இல்லன்னா ஞாயித்துக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல."

"அவருக்குத்தான் தெரியாதுன்னு ஹோபர்ட் சொல்றாரே."

"தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லட்டும்."

மத்தியானம் கார்லண்ட் ஒரு காகிதப் பையோடு வந்தார். உள்ளே சூடான பிஸ்கட் ரொட்டியும் பன்றிக்கறித் துண்டும். "பசிக்குமேன்னு..." என்று தொடங்கியவர், காரின் கதவு திறந்து, தூண் மூடி கழன்று, கூரையிலிருந்து ஒரு வயர் தொங்குவதைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினார்.

"இது உள்ள இருந்துச்சு" என்றாள் ட்ரெஸ்ஸா. "ஏற்கெனவே ஒரு டிடெக்டருக்குப் போட்டது. யாரோடது இது?"

கார்லண்ட் வயரைப் பார்த்தார். அதன் நுனியைத் தொட்டுப் பார்த்தார். அவர் முகத்தில் என்னென்னவோ வந்து போயின. லோர்னா பில் போடுவதை நிறுத்திவிட்டாள்.

"என்னோடதுதான்" என்றார்.

ட்ரெஸ்ஸாவின் கண் முன்னால் மறுபடியும் விஸ்கி பாட்டில் சிரித்தது. ஆனால் ஏன் என்கிற கேள்வி அவளை விடவில்லை. குற்றம் செய்தவன் இல்லை என்பான். இவர் செய்யாத குற்றத்தை ஏன் தலையில் தூக்கிக்கொள்கிறார்?

"உங்களோடதா. மாட்டினது யாரு?"

"நானேதான்."

"அருமையா மாட்டியிருக்கீங்களே. கரண்ட் எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"அது... பேட்டரியிலேர்ந்து."

"வயர் எந்தப் பக்கமா போகுது?"

"கீழ. அப்புறம்... எஞ்சின் பக்கமா."

"கர்த்தரே!" என்றாள் லோர்னா. "இந்த மனுஷன் கார் ஓட்டற மாதிரியேதான் பொய்யும் சொல்றாரு. பின்னாடி பெரிய வரிசையே நிக்குது."

"லோர்னா, வாயை மூடு. கார்லண்ட், அது டிக்கிக்குப் போகுது. ஸ்டெப்னிக்கு அடியில."

"டிக்கிக்கா?" அவர் கண் நிஜமாகவே விரிந்தது. "எதுக்கு டிக்கிக்கு?" கேட்ட மறுநொடியே அவருக்கே புரிந்துவிட்டது. மெதுவாகப் பின்பக்கம் நடந்துபோய், திறந்திருந்த டிக்கிக்குள் குனிய முடிந்த மட்டும் குனிந்து பார்த்தார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று ட்ரெஸ்ஸா பயந்தாள். சிரித்துக்கொண்டிருந்தார்.

"கெட்டிக்காரி. என் முதுகு மேலயே பந்தயம் கட்டியிருக்கா."

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

"வயர் தெரியாது. சத்தம் தெரியும். ஒரு தடவை மளிகைக் கடை வாசல்ல நின்னோம். தானா திறக்கற கதவு இருக்கே, அதுகிட்ட. அதுலயும் ராடார் அலைதானாம். பலகைக்குப் பின்னாடியிருந்து கீச்சு கீச்சுன்னு ஒண்ணு. கழட்டி வைக்க மறந்துட்டா போல. என்ன நெல்டா சத்தம்னேன். சில்வண்டு பூந்திருச்சு போலன்னா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பாவம், ஜன்னலைத் திற, போகட்டும்னேன்."

லோர்னா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இப்ப ஏன் உங்களோடதுன்னு பொய் சொன்னீங்க?"

"செத்துப்போனவளை உன் முன்னாடி நிக்கவெச்சு, ஒளிச்சு வெச்சது இவதான்னு சொல்ல வாய் வரல."

ட்ரெஸ்ஸா காகிதப் பையைத் திறந்து ஒரு பிஸ்கட்டை எடுத்தாள். சாப்பிடவில்லை. கையில் வைத்துக்கொண்டாள். ராய்ஸ் சொன்ன பொய்யெல்லாம் ராய்ஸுக்காகத்தான். இது வேறு சாதிப் பொய். ஆனாலும் பொய்தான். நாலு கேள்விக்குத் தாங்காத பொய்.

"இன்னும் ஒரு கேள்வி பாக்கி. புதுசு எதுக்கு?"

"உனக்கு."

"எனக்கா?"

"நீ எப்படி ஓட்டறேன்னு ஊருக்கே தெரியும். கல்யாணம் ஆனா இந்தக் காரை நீயும் ஓட்டுவே. நான் பக்கத்துல உட்கார்ந்தா மெதுவா மெதுவான்னு நச்சரிப்பேன், எனக்கே தெரியும். அந்த நச்சரிப்புக்குப் பயந்துதான் அவ ஒளிச்சா. நான் கேட்காத மாதிரி இருந்தேன். ரெண்டு பேரும் நல்லவங்க மாதிரியே காலம் தள்ளிட்டோம். இன்னொரு தடவை வேண்டாம். வேணும்னா கண்ணாடியில, கண்ணுக்கு நேரா மாட்டிக்கோ. வயர்தான் தெரியக் கூடாதுன்னேன். பெட்டி தெரியட்டும்."

"வர்ஜீனியாவுல என்ன பண்ணுவீங்க? பார்த்துக்கறேன்னீங்களே."

"காரை உன் கடை வாசல்ல நிறுத்திட்டு நடந்து போயிடலாம்னு. டாக்டரும் நடக்கச் சொல்லியிருக்கார்."

"மழை பெஞ்சா?"

அதை அவர் யோசித்திருக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

ட்ரெஸ்ஸா பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே வேலைக்குத் திரும்பினாள். பழைய வயரை எடுக்கவில்லை. வாலைச் சுருட்டி இருந்த இடத்திலேயே செருகி, கிளம்பியிருந்த இடத்தில் புது டேப் சுற்றி, முடிவை உள்பக்கமாக நாக்கு மடித்தாள். தன் வயரை அதன் பக்கத்தில், காற்றுப்பையின் முதுகோரமாக விட்டாள். இது பின்னால் போகவில்லை. நேரே கீழே இறங்கியது. சோதனை விளக்கால் ஒவ்வொரு ஃப்யூஸாகத் தொட்டு, சாவி போட்டால் மட்டும் உயிர் வருகிற ஒன்றைக் கண்டுபிடித்தாள். எப்போதும் உயிரோடிருப்பதில் இணைத்தால் காலையில் பேட்டரி பிணமாகிவிடும். மற்ற நுனியை எர்த்துக்காகப் பெயின்ட் இல்லாத போல்ட்டில் முறுக்கினாள். மூடியைத் தட்டி உட்கார வைத்தாள். கார்லண்ட் ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பேசாமல் இருக்க அவருக்குத் தெரியும்.

சாவியைப் போட்டதும் முன்கண்ணாடியில் சின்ன விளக்கு எரிந்தது. எதிர்ச்சாரி மருந்துக்கடைக் கதவு யாருக்கோ தானாகத் திறக்க, டிடெக்டர் கீச்சு கீச்சென்றது.

"சில்வண்டு" என்றார் கார்லண்ட்.

"ஜன்னலைத் திறக்கவா?" என்றாள் ட்ரெஸ்ஸா. பிறகு சாவியை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். "கார் இங்கயே நிக்கட்டும். நீங்க நடங்க."

"எத்தனை நாளைக்கு?"

"கல்யாணம் வரைக்கும். அதுக்கப்புறம் நீங்களும் டென்னசிப் பக்கம்தான். என் வீட்ல இடம் இருக்கு. மழையில நனைஞ்சுட்டு வர்ற புருஷனை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? ஆனா ஒண்ணு. இனிமே யாருக்காகவும் என்கிட்ட பொய் சொல்லாதீங்க. உங்களுக்கு அது வரவே இல்ல."

கார்லண்ட் வாசல்வரை போய்த் திரும்பினார். "அப்ப ஞாயித்துக்கிழமை?"

"ஞாயித்துக்கிழமை நாக்ஸ்வில் போறோம். நெல்டா தங்கச்சியைப் பார்த்துச் சொல்லிட்டு வரலாம். நான் ஓட்டறேன்."

லோர்னா கல்லாவிலிருந்து கத்தினாள்: "அத்தான், பெல்ட்டை இப்பவே போட்டுக்குங்க!"

கார்லண்ட் முதுகைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தார். எதிர்க் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த ஹோபர்ட், ஒன்றும் தெரியாதவர் போல சட்டென்று குனிந்து மேஜையைத் துடைக்கத் தொடங்கினார்.